உமிக்குப் பிறந்த தேதி எழுதாதீர்கள்

உலகத்துக் குடும்ப மரங்களையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரே மரமாக வளர்த்துவரும் வம்சாவளித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். யார் யாருக்கு மகன், யார் மூத்த தாரம், எந்தப் பங்காளிக்கு எவ்வளவு பாத்தியதை என்று எழுதி எழுதியே கண்ணாடியின் கனம் கூடிப்போனது. வேலை விட்டது, பழக்கம் விடவில்லை. ஓய்ந்த நேரத்தில் சிலர் குறுக்கெழுத்துப் போடுவார்கள். நான் தூர தேசத்து அரசர்களின் வம்சாவளியைப் படிக்கிறேன். அப்படித்தான் உங்கள் மரங்களின் வழியே ஹவாய்த் தீவின் பெருந்தலைவன் உமியிடம் வந்து சேர்ந்தேன். சேர்ந்த கையோடு பேனாவையும் எடுக்கவேண்டியதாகிவிட்டது.

உமிக்கு ஒரு பிறந்த ஆண்டு போட்டிருக்கிறீர்கள். அவன் தகப்பன் லீலோவாவுக்கும் போட்டிருக்கிறீர்கள். ஒரு மரத்தில் இருக்கும் ஆண்டு இன்னொரு மரத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே மூன்று தலைமுறை தாராளமாகக் குடியிருக்கலாம். தாயின் கட்டத்தில் வெறும் பெயர். அவளுக்கு மேலே ஒரு கோடுகூட இல்லை, ஏதோ ஓடைக்கரையில் முளைத்தவள் போல. அண்ணன் ஹாக்காவு ‘சட்டப்படியான மகன்’ என்கிறது ஒரு குறிப்பு. எந்தச் சட்டம், யார் போட்டது என்று கேட்கத் தோன்றியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் பெயர். உமி-ஆ-லீலோவா என்றால் லீலோவாவின் மகன் உமி. நடுவில் நிற்கும் ‘ஆ’ நம்முடைய ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையைச் செய்கிறது. அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து ‘லீலோவா குடும்பத்தார்’ என்று தொகுத்துவைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு குடும்பப் பெயர் அங்கே கிடையாது. ‘உமி’ என்ற ஒலி நம் காதில் விழுந்தால் நெல் குத்தும்போது பறக்கும் உமிதான் நினைவுக்கு வரும். ஹவாய் மொழியில் உமி என்பது பத்து என்ற எண்ணுக்கான சொல். ஆனால் இந்தப் பையனை முதலில் எல்லோரும் நம்முடைய உமியாகத்தான் நினைத்தார்கள், அதுதான் கதை.

லீலோவா அப்போது வைப்பியோ பள்ளத்தாக்கில் இருந்து ஆண்டுவந்தான். தீவின் வடகிழக்கே ஹாமாக்குவா கரையில், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே, கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பள்ளத்தாக்கு அது. தண்ணீர் நிற்கும் பாத்தி பாத்தியாகச் சேப்பங்கிழங்கு. அவர்கள் அதைக் கலோ என்பார்கள். ஒருமுறை லீலோவா கரையோரமாகவே தெற்கே சென்று, கோஹோலாலெலெ என்ற இடத்தில் ஒரு கோயிலைப் பிரதிஷ்டை செய்துவிட்டுத் திரும்பினான். வழியில் ஓர் ஓடையில் குளிக்க இறங்கியபோது அகாஹி-ஆ-குலியானா என்ற பெண்ணைக் கண்டான். பிரியும்போது, பிள்ளை ஆணாகப் பிறந்தால் என் பெயரோடு சேர்த்து உமி என்று வை என்று சொல்லி, மூன்று பொருள்களைக் கொடுத்தான்: தன் இடுப்புத் துணி, கழுத்தில் கிடந்த திமிங்கிலப் பல் பதக்கம், கையிலிருந்த தண்டம். துணியைக் கொடுத்துவிட்டதால் கீ என்னும் செடியின் இலைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அரசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கூட வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம்.

பையன் வளர்ந்தான். வீட்டில் இருக்கும் சோற்றையெல்லாம் கூட்டாளிகளுக்கு அள்ளிக் கொடுப்பான். அகாஹியின் கணவன் பிடித்து அடிப்பான். ஒரு நாள் அடி தாங்காத தாய், நீ அடிப்பது உன் பிள்ளையை அல்ல, உன் தலைவனை என்று சொல்லி, ஒளித்துவைத்திருந்த துணியையும் பதக்கத்தையும் எடுத்து முன்னால் போட்டாள். அந்த மனிதனின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிறகு பையனுக்கு அவற்றை அணிவித்து, வைப்பியோவுக்கு அனுப்பினாள். போனால் வாசல் வழியாக நுழையாதே, வேலியைத் தாண்டிக் குதி. உட்கார்ந்திருக்கும் முதியவரின் மடியில் நேரே போய் உட்கார் என்று சொல்லி அனுப்பினாள். வழியில் சேர்ந்த பீமைவா, கோயி, கிளம்பும்போதே உடன் வந்த ஓமாவோகாமாவு ஆகிய மூன்று பையன்களும் வெளியே நின்றார்கள்.

பெருந்தலைவனின் மடி என்பது சாதாரண இடமா? அவன் மேனியும் உடையும் இருக்கையும் எல்லாமே ‘கபு’. அதாவது விலக்கு, மீறியவனுக்கு மரணம். காவலர்கள் விரட்டிக்கொண்டு வர, பையன் குதித்து ஓடி மடியில் உட்கார்ந்துவிட்டான். லீலோவா திடுக்கிட்டுக் காலை அகட்ட, பையன் கீழே விழ, அப்போதுதான் அந்த இடுப்புத் துணியும் கழுத்தில் ஆடிய பல்லும் அவன் கண்ணில் பட்டன. உன் பெயர் என்ன என்றான். உமி.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பித்தளைக் குடம் ஞாபகம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், கணவன் இறந்த ஒரு பெண் எங்கள் திண்ணைக்கு வந்தாள். இரண்டாம் தாரம். திருமணம் நடந்ததற்குக் காகிதம் ஒன்றும் இல்லை. முதல் தாரத்துப் பிள்ளைகள் ‘யார் இவள்’ என்று கேட்டுவிட்டார்கள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த குடத்தை மெல்லத் திருப்பி என்னிடம் காட்டினாள். கழுத்தருகே புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்தில் அவள் பெயர், அவன் பெயர், ஆண்டு. சீர்ப் பாத்திரம். அது சட்டத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அவளுக்கு அதுதான் மூலப்பத்திரம். அகாஹிக்கு அந்தத் துணியும் பல்லும். உங்கள் மரத்தில் இப்படிப்பட்ட மூலப்பத்திரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. பிறந்த தேதிக்கு இருக்கிறது.

அகாஹி சாதாரணக் குடிப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. ஹவாய் மரபுகளைத் தொகுத்த ஸ்வீடன்காரர் ஆப்ரஹாம் ஃபோர்னாண்டர் பதிவுசெய்த வழியின்படி, அவள் பழைய பெருந்தலைவன் கனிப்பாஹுவின் ஒரு மகன் வழியில் வந்தவள். லீலோவா அதே கனிப்பாஹுவின் இன்னொரு மகன் வழி. அதாவது இருவரும் ஒரே அடிமரத்தின் இரண்டு கிளைகள், ஒன்று மேலே போனது, ஒன்று தாழ்ந்தது. அந்தக் கனிப்பாஹுவின் கதையும் லேசானதல்ல. நாட்டைப் பறிகொடுத்து மொலோக்காய் தீவுக்குத் தப்பி, யாரென்று சொல்லாமல் குடியானவனோடு குடியானவனாகச் சுமை தூக்கிப் பிழைத்தவன். திரும்பி வந்து ஆளுங்கள் என்று அழைத்தபோது, சுமை அழுத்தித் தோள் காய்த்துப்போனதைச் சொல்லி வெட்கப்பட்டு, தன் மகனை அழைத்துப் போங்கள் என்றானாம்.

இந்த இடத்தில் பத்திர எழுத்தரின் சந்தேகப் புத்தியை நான் மறைக்க விரும்பவில்லை. அகாஹிக்கு இந்த உயர்ந்த வழி உண்மையிலேயே இருந்ததா, அல்லது அவள் பேரன்மார் ஆட்சியில் அமர்ந்த பிறகு அரண்மனைப் பாடகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்களா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஜெயித்தவன் வீட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரத்தில் எல்லைகள் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வழியை ஹவாய் மக்கள் பாடிவைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கோடு போட்டு எழுதுங்கள், பக்கத்தில் ‘மரபுப்படி’ என்று குறியுங்கள். வெறுமையாக விட்டால் அவள் அநாதை என்று அர்த்தமாகிறது.

ஹாக்காவு விஷயத்துக்கும் இதே சந்தேகத்தைக் கொண்டுவருகிறேன். லீலோவா சாகும்போது நிலத்தையும் தலைமையையும் மூத்தவன் ஹாக்காவுக்குக் கொடுத்தான். அவன் தாய் பினேயா உயர்குடிப் பெண். கோயில்களையும் போர்த் தெய்வம் கூகாயிலிமோக்குவையும் உமியின் பொறுப்பில் விட்டான். ஹாக்காவு தம்பியை ஏசினான், விரட்டினான். அழகன் என்று யாரையாவது மற்றவர்கள் புகழ்ந்தால் அவன் தலையை வாங்கிவிடுவான் என்கின்றன கதைகள். இருக்கலாம். அல்லது தோற்றவனைப் பற்றி எல்லா நாடுகளிலும் சொல்லப்படுவதுதான் அங்கும் சொல்லப்பட்டதோ என்னவோ.

உமி ஊரைவிட்டு ஓடி, வைபுனலெய் என்ற இடத்தில் பெயரைச் சொல்லாமல் வாழ்ந்தான். அங்கே காஒலெயோக்கு என்ற பூசாரி அவனை அடையாளம் கண்டு, ஆள் சேர்த்துக் கொடுத்தார். பிறகு நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு விருந்து. வைப்பியோவிலிருந்து நூனு, ககோஹே என்ற இரண்டு முதிய பூசாரிகள் வருகிறார்கள். நோய்வாய்ப்பட்டிருந்தபோது ஹாக்காவிடம் உணவு கேட்டு ஆள் அனுப்பி, வசவு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் வந்தபோது வீட்டில் ஓர் இளைஞன் மட்டும் இருக்கிறான். விறகு பிளக்கிறான், குழியடுப்பை மூட்டுகிறான், சமைத்துப் போடுகிறான், காவா என்னும் வேர்ப் பானம் கலந்து கொடுக்கிறான். வேலைக்காரன் என்று நினைத்துச் சாப்பிட்டு உறங்கி எழுந்த பிறகுதான், தங்களுக்குப் பரிமாறியவனே உமி என்று தெரிகிறது. இதற்குக் கைம்மாறாகக் கொடுக்க எங்களிடம் இந்த நாட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஹாக்காவின் ஆட்கள் மலைக்குப் போயிருந்த ஒரு நாளில், காணிக்கை மூட்டை சுமந்து வருபவர்கள் போல உமியின் ஆட்கள் வைப்பியோவுக்குள் இறங்கினார்கள். மூட்டைக்குள் கல். ஹாக்காவு கல்லடி பட்டுச் செத்தான்.

ஒரு தலைவன் நிலத்தை ஒருவனுக்கும் தெய்வத்தை இன்னொருவனுக்கும் பிரித்துக் கொடுத்தது இது ஒருமுறை மட்டும் அல்ல. பின்னாளில் அதே தீவின் தலைவன் கலானியோபுவு தன் மகன் கீவலாவோவுக்கு நாட்டையும், பிறகு ஹவாய்த் தீவுகளையெல்லாம் ஒரே அரசாக்கிய தம்பி மகன் கமேஹமேஹாவுக்கு அதே கூகாயிலிமோக்குவையும் விட்டுச் சென்றான். 1782-இல் மோகுஓஹாய் போரில் கீவலாவோ மாண்டான். தெய்வத்தைப் பெற்றவனுக்கே நாடும் வந்தது. உமியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதையே திரும்ப நடத்திக் காட்டினார்களா, அல்லது கமேஹமேஹாவின் வெற்றிக்குப் பிறகு உமியின் கதைக்கு இந்த வடிவம் வந்ததா? உங்கள் மரத்தில் ‘குறிப்புகள்’ என்று ஒரு மூலை இருக்கிறதே, அதில் போடவேண்டியது இதுதான். இப்போது அதில் யாரோ ‘என் 17-ஆவது பாட்டன்’ என்று எழுதிவைத்திருக்கிறார்.

தீவு முழுவதையும் அடக்கிய பிறகு உமி வைப்பியோவை விட்டுக் கோனா கரைக்குக் குடிபெயர்ந்தான். தன் கையாலேயே பயிர் செய்தான், மீன் பிடித்தான் என்று அவன் மக்கள் பெருமையோடு சொன்னார்கள். ஹுவாலாலாய், மவுனா லோவா, மவுனா கேயா என்ற மூன்று மலைகளுக்கு நடுவே, 5,000 அடிக்கும் மேலான பீடபூமியில், ‘உமியின் கற்குவியல்’ என்ற இடம் இன்றும் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்தாரும் தங்கள் தொகைக்கேற்பக் கல்லைக் கொண்டுவந்து குவித்தார்களாம். குடிமதிப்புக் கணக்கைக் காகிதத்தில் எழுதாமல் தரையில் எழுதியிருக்கிறான். மவுயி தீவின் தலைவன் பீலானியின் மகள் பீகேயாவை மணந்து, மைத்துனனுக்காக ஹானா வரை படை எடுத்துச் சென்ற கதையும் பெரியது. அதற்குள் நுழைந்தால் இந்த மடல் முடியாது.

ஆனால் அவனுடைய இன்னொரு திருமணத்தைச் சொல்லாமல் வம்சாவளி நகராது. கபுகினி. லீலோவாவின் மகள், உமிக்குத் தகப்பன் வழித் தங்கை முறை. உங்கள் மரத்தில் இந்த இடத்தில் சிவப்பு எச்சரிக்கைக் குறி மின்னுகிறது: ‘பிழை இருக்கலாம்’. பிழை இல்லை. அலியி எனப்பட்ட தலைவர் குலத்தில் உடன்பிறந்தோர் மணம் அருவருப்புக்கு உரியதல்ல, அந்தஸ்தின் உச்சி. உயர்ந்த இரத்தம் இரண்டு பக்கமும் சேரும்போது பிறக்கும் பிள்ளைக்கு முன்னால் மற்றவர்கள் தரையில் விழவேண்டும். தாய் வழியில் குறை சொல்லப்பட்ட உமி, தன் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வரக்கூடாது என்றே கபுகினியை மணந்தான் என்று நான் படிக்கிறேன். அவர்களின் மகன் கெயாவேநுயி.

கெயாவேநுயிக்குப் பிறகு வழி இப்படி இறங்குகிறது: கனலோவாகுவாஅனா, கெயாகெயலனிகானே, கெயாகமஹனா, கெயாகெயலனிவஹினே, கெயாவே, கேஎயாவுமோகு, கெயோவுவா, கமேஹமேஹா. நடுவே நிற்கும் கெயாகமஹனாவும் கெயாகெயலனிவஹினேயும் பெண்கள், தாயும் மகளும், இருவரும் ஆண்டவர்கள். ‘வஹினே’ என்றால் பெண், ‘கானே’ என்றால் ஆண். பாட்டன் பெயரே பேத்திக்கு, கடைசிச் சொல் மட்டும் மாறி. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். உங்கள் மரங்களில் ஒன்றில் இந்த இருவரையும் ஒரே ஆளாக்கி, ஆண் என்றும் குறித்திருக்கிறீர்கள். கமேஹமேஹாவின் அரச உரிமை ஒரு தாய், ஒரு மகள் வழியாக நடந்து வந்திருக்கிறது. அந்தப் பாலத்தையே பெயர்த்துப் போட்டால் எப்படி?

இப்போது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். லீலோவாவிலிருந்து கமேஹமேஹாவுக்குப் பத்துப் படி. ஃபோர்னாண்டர் ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அது அதிகம், 20 போதும் என்றார்கள். கமேஹமேஹா பிறந்தது 1758 என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் லீலோவா பிறந்தது 1458. இரண்டாவது கணக்கில் 1558. நூறு ஆண்டு வித்தியாசம். அந்த 1758-ஆவது உறுதியா? அவன் பிறந்தபோது வானில் தோன்றிய விசித்திர நட்சத்திரத்தை ஹாலி வால்நட்சத்திரம் என்று கொண்டு சொன்ன ஆண்டு அது. 1736 என்பவர்களும் இருக்கிறார்கள். அதை வைத்தால் லீலோவா 1436-க்குப் போய்விடுகிறான். 1819 மே 8-இல் இறந்தவன், வெள்ளைக்காரக் கப்பல் தலைவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன், அவனுக்கே பிறந்த ஆண்டு முடிவாகவில்லை. ஹவாய் மொழியில் அச்செழுத்து முதன்முதலாக ஏறியதே 1822 ஜனவரியில். அப்படியிருக்க, அதற்கும் முந்நூறு ஆண்டுக்கு முந்தியவனுக்கு ஆண்டு, சில இடங்களில் மாதம்கூடப் போட்டு முத்திரை குத்தியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வேறு.

ஆண்டு இல்லாததால் அவர்களுக்குக் கணக்கே இல்லை என்று நினைத்துவிடவேண்டாம். தலைமுறைதான் அவர்கள் கணக்கு. மோஓகூவவுஹாவு என்பது வம்சாவளிக்கு அவர்கள் சொல். ‘மோஓ’ என்றால் பல்லி, தொடர்வரிசை என்றும் பொருள். கணுக் கணுவாகத் தொடரும் முதுகெலும்பை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஹலே நவுவா’ என்று ஒரு வீடு இருந்தது. அரசனுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு வருபவனை வாசலிலேயே நிறுத்தி, உன் தகப்பன் யார், அவன் தகப்பன் யார், அவனுக்குத் தகப்பன் யார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டின் ஹவாய் அறிஞர் டேவிட் மாலோ எழுதியிருக்கிறார். கோடு அரச வழியைத் தொட்டால் உள்ளே. தொடாவிட்டால் வந்த வழியே நடையைக் கட்டவேண்டியதுதான். காகிதம் இல்லாத பதிவு அலுவலகம். போலிப் பத்திரம் போடுவது அங்கே இன்னும் கடினமாக இருந்திருக்கும், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

குமுலிப்போ என்ற படைப்புப் பாட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்டது. இருளில் தொடங்கி, பவளப் பூச்சியில் ஆரம்பித்து, மீன், பறவை, பன்றி என்று ஏறி மனிதரில் வந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக ஒரு தலைவனின் பிறப்பில் முடிகிறது. 1889-இல் மன்னர் கலாகௌவா அதை அச்சிட்டார். அவருக்கு அதில் தேவையும் இருந்தது; 1874-இல் வாக்கெடுப்பில் தேர்வான மன்னர், அவர் குலம் போதாது என்று வாய்விட்டுப் பேசியவர்கள் நாட்டில் நிறைய. அவர் தங்கை லிலியுவோகலானி, 1893-இல் ஆட்சியைப் பறிகொடுத்து, 1895-இல் தன் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டிருந்த நாள்களில் அந்தப் பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1897-இல் வெளியிட்டார். மறு ஆண்டு அமெரிக்கா ஹவாயை இணைத்துக்கொண்டது. நாடு கைவிட்டுப் போகும் நேரத்தில் ஓர் அரசி உட்கார்ந்து வம்சாவளியை எழுதியிருக்கிறார். உங்கள் மரத்தில் ஒரு ‘கிளிக்’கில் இரண்டு அரசர்களை ‘இணைத்து’ விடுகிறீர்கள்.

கட்டங்களைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. உங்கள் மரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு தகப்பன்தான் போடமுடியும். ஹவாயில் ‘போவோலுவா’ என்று ஒரு சொல் உண்டு, இரண்டு தலை என்று பொருள். ஒரு பிள்ளைக்கு இரு தலைவர்கள் தகப்பன் என்று உரிமை கொண்டாடலாம். பிள்ளைக்கு அது இழுக்கு அல்ல, இரண்டு குலத்தின் பலம். கமேஹமேஹாவையே கெயோவுவாவின் மகன் என்பதோடு, மவுயித் தலைவன் கஹேகிலியின் மகன் என்றும் சொல்வார்கள். நீங்கள் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரைக் ‘கிசுகிசு’ என்று கீழே தள்ளியிருக்கிறீர்கள். அதேபோல் ‘மகுவாஹினே’ என்ற சொல் தாய்க்கும், சித்தி, பெரியம்மா, அத்தை எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய பாட்டில் அந்தச் சொல்லைப் பார்த்து ‘பெற்றவள்’ என்று எழுதிவிட்டால் குடும்பமே தலைகீழாகிவிடும். இதில் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. 1871-இல் உலகத்து உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து ஒப்பிட்ட அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கனின் அட்டவணைகளில் ஹவாய் முறையும் இருந்தது, தமிழ் முறையும் இருந்தது. அவர்கள் அத்தையையும் தாய் என்பார்கள். நாம் அத்தை மகளைக் கட்டுவதற்காகவே அத்தையைத் தனியாக வைத்தோம். ஆங்கிலத்தின் ‘ஆன்ட்டி’ இரண்டுக்கும் உதவாது. உங்கள் கட்டங்களோ அந்த ஆன்ட்டியை அளவெடுத்துச் செய்யப்பட்டவை.

மரம் என்ற உருவகத்திலேயே எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாம் குலம் தழைப்பதை வாழையடி வாழை என்கிறோம். ஹவாய்க்காரர்களுக்கு அது சேப்பங்கிழங்கு. வானமான வாக்கேயாவின் வழியில் முதலில் பிறந்த பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. புதைத்த இடத்தில் கலோ முளைத்தது, இலை காம்பில் நடுங்கியபடி. அடுத்துப் பிறந்த மனிதப் பிள்ளைக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள்: ஹாலோவா. ஆகவே சேப்பஞ்செடி மூத்தவன், மனிதர் இளையவர். தாய்க் கிழங்கைச் சுற்றி வெடிக்கும் பக்கக் கிழங்குக்கு ‘ஓஹா’ என்று பெயர். குடும்பத்தைக் குறிக்கும் ‘ஓஹனா’ அதிலிருந்து வந்தது. லீலோவாவின் வைப்பியோவில் இன்றும் அந்தப் பாத்திகள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வம்சாவளியைச் சொல்ல ஆரம்பித்தால் செடியிலிருந்து ஆரம்பிக்கலாம், அதில் உங்கள் மென்பொருள் ‘செல்லாத உள்ளீடு’ என்று கத்தும்.

கடைசியாக எலும்பு. இதை மட்டும் தயவுசெய்து உடனே கவனியுங்கள்.

தலைவர்களின் எலும்பில் அவர்களுடைய ‘மனா’, அதாவது தெய்வீக ஆற்றல், இருக்கிறது, அது பகைவன் கையில் சிக்கக்கூடாது என்பது ஹவாய் நம்பிக்கை. தென்னை நார்க் கயிற்றால் மனித உருவில் பின்னிய இரண்டு பேழைகள் உண்டு, ‘காஅயி’ என்பார்கள். ஒன்றில் இருப்பது லீலோவா, இன்னொன்றில் இருப்பது கெயாவேநுயியின் மகன் லோனோயிகமகஹிகி என்பது மரபு. அவை வைப்பியோவில் லீலோவாவின் இல்லத்தில் இருந்தன. 1829-இல் காஅஹுமானு அரசி அவற்றை எடுத்து காவலோவாவுக்கு அனுப்பினார். 1858-இல் கப்பலில் ஹொனலுலு வந்தன. பிறகு அரச கல்லறை. 1918-இல் பிஷப் அருங்காட்சியகம். 1994-இல் அங்கிருந்து காணாமல் போயின. யாரோ பத்திரமாக வைப்பியோவுக்கே கொண்டுசேர்த்துவிட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அந்தப் பேழையின் பழைய புகைப்படத்தை எங்கிருந்தோ எடுத்து, லீலோவாவின் பக்கத்தில் முகப்படமாக ஒட்டியிருக்கிறீர்கள். ஒருவருடைய எலும்புப் பெட்டியை அவர் முகமாக வைப்பீர்களா? லீலோவாவுக்குப் படம் வேண்டுமென்றால், அவன் உமிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் இறகுப் பட்டை அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமான சிறு பறவை இறகுகளால் ஆனது, ஓரத்தில் பற்கள் கோத்தது. அதை வையுங்கள். கொடுத்தவனையும் வாங்கியவனையும் சேர்த்துக் காட்டும்.

உமிக்கு அந்தக் கவலை இல்லை. அவன் இறந்தபோது, அன்று வேலிக்கு வெளியே காத்து நின்ற மூன்று பையன்களில் ஒருவனான கோயி, இப்போது கிழவன், இரவோடு இரவாக வந்து, வேறோர் உடலை அங்கே வைத்துவிட்டு, உமியின் உடலை எடுத்துச் சென்று மறைத்தான் என்கிறது மரபு. எந்தக் குகை, எந்தப் பாறை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் ‘அடக்கம் செய்த இடம்’ என்ற கட்டத்தில் யாரோ ‘வைப்பியோ’ என்று நிரப்பியிருக்கிறார்கள். அதை இன்றே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பத்திர எழுத்தர்